நான் செய்யாத பொருத்தனை

அன்புள்ள ஜோயல்,

தமிழில் பேசினால் உனக்குப் புரியும், படிக்க வராது. அதனால் இந்தக் கடிதத்தை அப்பாதான் உனக்கு வாசித்துக்காட்டப் போகிறார். நேரிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். முடியாது. இந்த ஒரு விஷயத்தில் என் வாயை நான் நம்புவதில்லை. திறந்தால் அது சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடும். எழுதும்போது கை கொஞ்சமாவது யோசிக்கிறது. இதில் பாதி அப்பாவுக்கும் தெரியாது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: என்னங்க, நடுவுல எங்கயும் நிறுத்தக் கூடாது. கண்ணாடி தொடைக்கிற சாக்குல நிறுத்துவீங்க, எனக்குத் தெரியும். இப்பவே தொடைச்சுட்டு ஆரம்பிங்க.

போன சனிக்கிழமை காலை நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்மா இல்லைன்னு தலையாட்டினே?" நான் தோசையைத் திருப்புகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். தோசை ஏற்கெனவே கருகிக் கிடந்தது. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது. பதில் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள். நான் சொன்ன பொய்க்கும் வயது கொஞ்சமில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மூன்று வாரம் ஆகப்போகிறது. பாத்திரம் கழுவிக்கொண்டே இருக்கிறேன், திடீரென்று கை நின்றுபோகிறது. அன்று மீன் குழம்பு. நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, பிரின்ஸ்டன் ஜங்ஷனில் டிரெயின் லேட் என்று சொல்லுகிற அதே குரலில், வேலைக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். மருந்துக் கம்பெனி வேலை, கிடைத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. போன கோடையில் சம்பளமில்லா லீவு போட்டு மிஷன் டீமோடு எட்டு வாரம் இருந்துவிட்டு வந்தாயே தாய்லாந்தில், வடகிழக்கில் அந்தச் சின்ன ஊர், அங்கேயே போகிறாயாம். புதுச் சபைகளை நாட்டும் ஊழியமாம். குறைந்தது ஐந்து வருடமாம். டிக்கெட் ஒன்வே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரசம் ஊத்தட்டுமா?" என்றேன். இருபத்துநாலு வருடம் வளர்த்த பிள்ளை அப்படிச் சொல்லும்போது எனக்கு வாயில் வந்தது அவ்வளவுதான். ஊற்றியும் விட்டேன், உன் தட்டில் தயிர் இருந்ததைப் பார்க்காமல்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கர்த்தர் நம்ம பொருத்தனைய மறக்கலடி" என்று என் தோளைப் பிடித்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. உன்னைப் பார்த்து, "யாருடா உன் மனசக் கலைச்சது? அந்த டீம் பசங்களா?" என்று சத்தம் போட்டேன். நீ நிஜமாகவே ஆச்சரியப்பட்டாய். அந்த முகம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. "நீதாம்மா," என்றாய். "எவ்ரி இயர் நீயே சொல்வியே, என்னை காட் கிட்ட குடுத்துட்டேன்னு. ஐ தாட் யூ மெண்ட் இட்." மனசாரத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன் என்கிறாய். தலையில் இடி விழுந்தது என்று பேச்சுக்குச் சொல்வோமே, அன்றைக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. சத்தமே இருப்பதில்லை. காது அடைத்துப்போகிறது, அவ்வளவுதான்.

அந்தச் சாட்சி உனக்கு மனப்பாடம். சபையில் எல்லோருக்குமே மனப்பாடம். பத்து வாரம் முன்னதாகப் பிறந்தாய், பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார், நான் இன்குபேட்டர் பக்கத்தில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இவனப் பொழைக்க வெச்சா இவன உமக்கே ஊழியத்துக்குக் குடுத்துடறேன்" என்று பொருத்தனை பண்ணினேன், அந்த நிமிஷமே மானிட்டரில் எண் ஏறியது, பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் தேம்பி அழுதாள். ஆண்டுவிழா வந்தால் போதும், "அக்கா, நீங்க அந்தச் சாட்சியச் சொல்லுங்க" என்று பாஸ்டர் மைக்கை நீட்டிவிடுவார்.

ஜோயல், அந்தப் பொருத்தனையை நான் செய்யவே இல்லை.

என்னங்க, நிறுத்தாதீங்க. படிங்க.

நீ பத்து வாரம் முன்னால் பிறந்தது நிஜம். டாக்டர் சொன்னதும் நிஜம். மற்றதெல்லாம் உனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிறந்தது. அமெரிக்கர்கள் ஆராதனை முடிந்து போனபிறகு, இரண்டு மணிக்கு மேல், அந்த சர்ச் ஹால் நமக்குக் கிடைக்கும். அன்று ஆண்டுவிழா. எனக்கு முன்னால் செல்வி ஆன்ட்டி எழுந்து, கிரீன் கார்டு கடைசி நிமிஷத்தில் வந்த கதையைச் சொன்னாள். ஹாலே அழுதது. அடுத்து நான். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, கர்த்தர் காப்பாற்றினார், நன்றி என்றேன். நான்கைந்து பேர் மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றார்கள். பின்வரிசையில் யாரோ பிரியாணி டிரேயின் ஃபாயிலைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அவமானமாகிவிட்டது. சாகப்பிழைக்கக் கிடந்த என் பிள்ளை ஒரு கிரீன் கார்டுக்குக் குறைந்தவனா? வாய் தானாக அடுத்த வரியைச் சொன்னது. உமக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன் பாஸ்டர், என்றேன். ஹால் அதிர்ந்தது. பாஸ்டர் இறங்கி வந்து உன் தலையில் கை வைத்து ஜெபித்தார். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் அழுதுகொண்டிருந்தேன், அந்த அழுகை மட்டும் பொய்யில்லை, எதற்காக அழுதேன் என்றுதான் தெரியவில்லை. அழுத நர்ஸ் அடுத்த வருடம் சேர்ந்தவள். அதற்கடுத்த வருடம் மானிட்டர். நிஜத்தில் அந்த நர்ஸ் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சார்ட் எழுதிக்கொண்டிருந்தாள், பாவம்.

நான் சொன்னதை நானே நம்பியிருந்தால்கூட இவ்வளவு குற்றமில்லை. நம்பவில்லை. ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டேன் என்றால், நீ ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாசிப்பாய், வாரநாளில் நல்ல வேலைக்குப் போவாய் என்றுதான் என் கணக்கு. உனக்குப் பன்னிரண்டு வயதில் அந்த மிஷன் கன்வென்ஷன் ஞாபகம் இருக்கிறதா? "புறப்பட்டுப் போக யாருக்கு மனமிருக்கிறதோ அவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று பிரசங்கியார் கேட்டார். நீ எழுந்து நின்றாய். நான் உன் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். பக்கத்து வரிசைக்குத் திரும்பி, "பாத்ரூம் போணும்னு எந்திரிச்சான்" என்று சிரித்தேன். நீ என்னோடு பாத்ரூம் வரைக்கும் நடந்து வந்தாய், போகத் தேவையில்லாமலே. அடுத்த மாதமே ஆண்டுவிழாவில் நான் மைக்கைப் பிடித்து, கொடுத்துவிட்டேன் என்றேன். நீ முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு உன் மனசுக்குள் நீ என்ன செய்தாயோ, இன்றுவரை கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

இனி உன் தாய்லாந்து சிநேகிதன் நொப்பின் அம்மாவைப் பற்றி. அவளை முதலில் உன் ஸ்லைடில்தான் பார்த்தேன். நீ தாய்லாந்திலிருந்து வந்த மூன்றாவது ஞாயிறு, சபையில் படம் போட்டுக் காட்டினாய். பைக் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள், மொத்தம் எட்டுப் பேர். அதுதான் அந்த ஊரின் சபை. எட்டாவது ஆள் நொப், இருபத்தொரு வயது. ஏரியில் அவன் ஞானஸ்நானம் எடுக்கிற படம் வந்தது. கரையில் தள்ளி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், தண்ணீரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "அது யாருப்பா?" என்று நான்தான் கேட்டேன். அவனுடைய அம்மா, வந்ததே பெரிய விஷயம் என்று நீ சொல்லிவிட்டு, அந்த ஊர் வழக்கத்தை விளக்கினாய். இருபது வயதான மகன் மழைக்காலம் முழுக்க மூன்று மாதம் மொட்டையடித்துக் காவி கட்டி, புத்த விகாரையில் துறவியாக இருந்துவிட்டு வீடு திரும்புவானாம். அந்தப் புண்ணியம் பெற்றவளைச் சேருமாம். பெண் என்பதால் அவளால் துறவியாக முடியாது. மகனுடைய காவியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் கரையேற வேண்டும் என்று நம்புகிறார்களாம். மொட்டையடிக்கும்போது முதல் முடிக்கற்றையை வெட்டுகிறவளும் அம்மாதானாம். நொப்பின் அம்மா காவித்துணி வாங்கி அலமாரியில் வைத்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியும் விட்டாள். அவனோ, நான் இயேசுவை ஏற்றுக்கொண்டேன், இனி அது முடியாது என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு வைக்கிறாளாம், பேசுவதில்லையாம். நீ இதையெல்லாம் ஒரு வெற்றியைப் போலச் சொன்னாய். நாங்கள் கைதட்டினோம். ஹாலிலேயே பலமாகத் தட்டியவள் நான்தான். ஒரு தாயின் வாய் அடைத்துப்போனதற்குக் கைதட்டிவிட்டு, கீழே போய்ப் பஃபே வரிசையில் நின்றேன்.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தப் படத்தை உன் லேப்டாப்பில் நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது: உன் பிள்ளை உன் வீட்டில்தானே சாப்பிடுகிறான், உனக்கென்ன குறை? அப்புறம் போன சனிக்கிழமை வந்தது. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ சமையலறை மேடையில் போனைச் சாய்த்துவைத்து நொப்போடு வீடியோவில் பேசினாய். இங்கே காலை எட்டு, அங்கே சாயங்காலம் ஏழு. நொப் வீட்டார் நடத்தும் கடையில் கோழி சுடுகிற புகை தெரிந்தது. நீ என்னைத் தோளில் பிடித்து இழுத்து, "நொப், திஸ் இஸ் மை மாம்" என்றாய். அப்போது பின்னாலிருந்து அவள் வந்தாள், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. என்னைவிடச் சின்னவள். என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி நொப்பிடம் ஏதோ சொன்னாள். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டதை நான் பார்த்தேன். நீ பார்த்தாயா? ஏழெட்டு மாதமாக அவனோடு பேசாதவள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதற்காக அவனிடம் வாய் திறந்திருக்கிறாள். அவன் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னான்: உங்கள் மகன் இங்கே வருவதற்கு நீங்கள் சம்மதித்தீர்களா என்று அம்மா கேட்கிறாள்.

சாட்சி முழுதும் நாக்கு நுனியில் இருந்தது, ஜோயல். பதினெட்டு வருடப் பழக்கம். இன்குபேட்டர், முழங்கால், மானிட்டர், அழுகிற நர்ஸ், எல்லாம் வரிசையில் நின்றன. அவள் முகத்தைப் பார்த்தபடி அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அவள் உடனே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்குள் பொதுவாக ஒரு பாஷை இல்லை. இரண்டு பேரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மகனை நீ கொண்டுபோனதாக அவள் நினைக்கிறாள். என் மகனை யார் கொண்டுபோனது என்று நான் மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருமே பிள்ளையை மேலே அனுப்பி அதில் பேர் வாங்கப் பார்த்தவர்கள்தான். அவளாவது நிஜமாகவே துணி வாங்கி வைத்தாள்.

உண்மையைச் சொன்னால், இந்தக் கடிதத்தை நான் முதலில் எழுத உட்கார்ந்தது உன்னைத் தடுக்கத்தான். பொருத்தனையே இல்லை, ஆகவே நீ போக வேண்டியதும் இல்லை என்று ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றிருந்தேன். அந்த ஆசை இப்போதும் முழுசாகப் போகவில்லை. அதையும் தெரிந்துகொண்டு கேள். ஆனால் என் பொய்யைப் பிடித்துக்கொண்டு நீ அங்கே போய் ஒரு மாடியில் நின்று ஜனங்களிடம் சத்தியத்தைப் பற்றிப் பேசுவதை என்னால் தாங்க முடியாது. உன்னைக் கட்டிய கயிறு ஒன்றும் இல்லை. என் வாக்கை நிறைவேற்றுவதற்காகப் போகாதே; அப்படி ஒரு வாக்கே கிடையாது. பன்னிரண்டு வயதில் நீயாக எழுந்து நின்றாயே, அது இன்னும் உன்னிடம் இருந்தால் போ. இல்லையென்றால் நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொள். யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், சபையில் பதில் சொல்லி எனக்குப் பழக்கம்தான்.

போவதாக இருந்தால், தன் வாயையே நம்பாத அம்மாவின் புத்திமதி கொஞ்சம். போய் இறங்கியதும் முதலில் நொப்பின் அம்மா கடைக்குப் போ. பிரசங்கம் வேண்டாம், கைப்பிரதியும் வேண்டாம். கோழி வாங்கிச் சாப்பிடு. அவள் பாஷையைச் சரியாகக் கற்றுக்கொண்டு, "உங்களைக் கேட்காமல் கைதட்டிவிட்டோம்" என்று என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேள். நொப்பிடம் சொல்: காவி கட்ட முடியாது என்று சொன்னவன், அதோடு எழுந்து போய்விடாமல் அவள் அடுப்புக்குக் கரி தூக்கிக் கொடுக்கட்டும். விகாரைக்குப் போகிறவர்களைக் கண்டால் மரியாதையாகக் கும்பிடு. நம் விசுவாசம் அதில் தேய்ந்துவிடாது. அவர்கள் வீட்டுக் கண்ணீரை இன்னொரு தடவை ஸ்லைடில் போடாதே. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மிஷன் ஆபீஸ் கேட்கும், அவர்களுக்கு அனுப்பிக்கொள். எனக்கு, யார் வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று சொல். இன்னொன்று, இது நான் அடிபட்டுக் கற்றது. நீ சாட்சி சொல்லும்போது கூட்டம் சும்மா இருந்தால் சும்மாவே இருக்கட்டும். ஒரு வரியும் கூட்டாதே.

நீ சரி என்று சொன்னால், சபைப் பத்திரிகையில் என் சாட்சி வழக்கமாக வரும் பக்கத்தில் இந்தக் கடிதத்தைப் போடச் சொல்லப் போகிறேன். அவர்கள் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னால்தான் திருப்பி வாங்க வேண்டும். செல்வி ஆன்ட்டி அப்புறம் எனக்குப் போன் பண்ணாமல் இருந்தால், இருக்கட்டும்.

வருகிற ஞாயிறு உன்னை அனுப்பிவைக்கிற ஆராதனை. பெற்றவர்கள் முன்னால் வந்து உன் தலைமேல் கை வைத்து ஜெபிக்க வேண்டும் என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார். அதற்குமுன், நீ பிறந்த அன்று நிஜமாகவே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். அப்பா கார் நிறுத்தப் போயிருந்தார். நான் முழங்கால் போடவில்லை; தையல் வலியில் நிற்கவே முடியவில்லை. இன்குபேட்டரில் கை நுழைக்கிற ஓட்டை வழியாகக் கையை உள்ளே விட்டேன். உன் தலை என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. நான் சொன்னது இவ்வளவுதான்: "இவன எனக்குக் குடும். எனக்கே குடும். நான் யாருக்கும் தர மாட்டேன்." கர்த்தர் அதைக் கேட்டார். கேட்டபடியே தந்தார், இருபத்துநாலு வருடம். நேரமாகிவிட்டது, கையை எடுங்கள் என்று நர்ஸ் வந்து சொன்னாள். நான் எடுக்கவில்லை. கடைசியில் அவளேதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே எடுத்தாள்.

நீ போவதாக இருந்தால் ஞாயிறு நான் வருவேன். உன் தலைமேல் கையும் வைப்பேன். பாஸ்டர் ஆமென் சொன்ன பிறகும் அது அங்கேயே இருந்தால், யாரையும் கூப்பிடாதே கண்ணா. நீயே மெதுவாக எடுத்துவிடு.

அம்மா